முகமலர்ச்சித் திட்டம்

பாரிஜாதம் ஸ்பிரிங்ஸ் கம்பெனி பெங்களூர் ரோட்டில், இருங்காட்டுக்கோட்டை தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது. லாரிக்கு அடியில் போடுகிற வில்பட்டை செய்கிறார்கள் என்று வாசல் போர்டில் எழுதியிருந்தது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். அங்கே முக்கியமாக உற்பத்தியானது மெமோ. வில்பட்டையெல்லாம் மெமோ வாங்கிய கை சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதான்.

மெமோவுக்கு அதிபதி பர்சனல் மேனேஜர் ரகுபதி. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், பையில் வரிசையாகப் பேனா. அவர் கையில் மைக் கிடைத்துவிட்டால் கேண்டீனில் டீ ஆறி ஆடை கட்டிவிடும். "நான் இங்க சேர்ந்தப்போ என் டிபார்ட்மெண்டில் மூணே பேர். இன்னைக்கு இருபத்தாறு பேர். ஷாப்பில் ஆள் குறைஞ்சிருக்கேன்னு சிலர் கேக்கறாங்க. அப்படிக் கேக்கறவங்களைக் கவனிக்கத்தான் இந்த இருபத்தாறு பேர்" என்று ஆயுத பூஜை அன்றைக்குப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்கள் யார் என்று ஒருத்தர் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு குறையும் இல்லாத கம்பெனிக்கு ஒரே ஒரு மனக்குறை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பைப் கம்பெனி முதலாளி நம் எம்.டி.யின் சகலை. வட்டாரத் தொழிற்சாலைகள் வாலிபால் கோப்பையைச் சகலை கம்பெனிதான் வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு போனது. போதாக்குறைக்கு அந்த மனுஷன் கோப்பையை மாமனார் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். எண்பத்திரண்டாம் வருஷப் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போன எம்.டி., அந்தக் கோப்பைக்கு நேர் எதிரே உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் ரகுபதியைக் கூப்பிட்டார். அடுத்த தடவை கோப்பை இங்கே வர வேண்டும், வராவிட்டால் இருபத்தாறு பேரும் எதற்கு என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

ரகுபதி அந்தச் சுமையை அப்படியே இறக்கி சபாபதி தலையில் வைத்தார். சபாபதி உலையில் பட்டை காய்ச்சுகிறவன். வாலிபால் டீமுக்குக் கேப்டன். திறமையைப் பார்த்து யாரும் அவனைக் கேப்டன் ஆக்கவில்லை. சொந்தமாக விசில் வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெத்தென்று தூக்கிக் கொடுப்பான். தூக்கிக் கொடுத்ததை எதிராளி நெஞ்சு அதிர அடிக்கத்தான் டீமில் ஆள் கிடையாது. ஆள் தேடிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவன், செப்டம்பரில் தண்டலம் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே ஆட்டுக்கடா பரிசு வைத்து வாலிபால் நடந்தது.

அங்கே அவன் பார்த்த கூத்தை அதுவரை எங்கேயும் பார்த்ததில்லை. உள்ளூர் டீமில் ஐந்து பேர் ஓடி ஓடி ஆடுகிறார்கள். ஆறாவது ஆள், நெட்டையாக, கருங்காலிக் கட்டை மாதிரி ஒருத்தன், தன் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பந்து அவன் காதோரம் போகிறது. அசையவில்லை. டீம் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒருத்தரும் அவனைத் திட்டவில்லை, கூப்பிடவில்லை, அவன் தோளைக்கூடத் தொடவில்லை. அவன் இடத்தைச் சுற்றிப் போய் விளையாடுகிறார்கள். கூட்டத்தில் சோளப்பொரி விற்கிறவள்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

"யார்பா அது? உடம்பு சரியில்லையா?" என்று சபாபதி கேட்டான்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. மனசுதான் இன்னும் வந்து சேரல" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வநாதன். கால் சுளுக்கி வெளியே உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கேப்டன் அவன். "கிறிஸ்துதாஸ்னு பேரு. மூஞ்சத் திருப்பிக்கினான்னா கூப்பிடக் கூடாது. அவன் எடத்த வுட்டுட்டு ஆடிக்கினே இருக்கணும். தானா வருவான். கூப்ட்டீங்க, அவ்ளோதான், கல்குவாரிக்கு லோடு ஏத்தப் போய்டுவான்."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் திரும்பிவிட்டான். வந்த பந்து ஒன்றைப் பின்னாலிருந்து ஓடி வந்து எழும்பி அடித்தான் பாருங்கள், எதிர்ப்பக்கத்தில் பந்தை எடுக்கப் போனவன், கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் நடந்தது ஆட்டமே இல்லை, அடி. ஆட்டுக்கடாவை ஓட்டிக்கொண்டு போகும்போது சபாபதி அவன் பின்னாலேயே ஓடினான்.

கிறிஸ்துதாஸுக்குக் கம்பெனி வேலையில் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. அவனுக்கும் கிரேசிக்கும் கல்யாணம் பேசியிருந்தது. கிரேசியின் அப்பா கோயிலில் உபதேசியார். 'லோடு ஏத்தறவனுக்குப் பொண்ணு கிடையாது, பர்மனென்ட் ஆர்டரை என் கண்ணால பாத்தாத்தான் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுவேன்' என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். சபாபதி உபதேசியார் வீட்டுக்கே போனான். "என் தம்பி மாதிரி பாத்துக்கறேன் சார். பர்மனென்டுக்கு நான் பொறுப்பு" என்று வாய் கூசாமல் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பாவம், அவன் அப்போது தன் கம்பெனியை ஒரு கம்பெனி என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு வாலிபால்காரனைக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் ஒருத்தரும் வாலிபாலைத் தொட்டதில்லை.

"கோபம் வருமா?" என்றார் ரகுபதி.

"வரும்."

"எப்போ வரும்?"

"வரும்போது."

ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாராவதாக இருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். எம்.டி.யின் சர்க்கரைப் பொங்கல் நினைவுக்கு வந்ததால் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் டெம்பரரி, நடத்தை திருப்தியாக இருந்தால் பர்மனென்ட். "நாங்க எடுத்துக்கறது ஆளை இல்ல மிஸ்டர் சபாபதி, பிரச்சினையை. ஆனா நல்ல பிரச்சினை. நம்ம டிபார்ட்மெண்டுக்கு ஏத்தது" என்று ரகுபதி சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது பசி. சபாபதிக்கு அது அப்போது பிடிபடவில்லை.

முதல் மாதத்திலேயே வினை வந்தது. சாயங்காலப் பயிற்சியில் கிறிஸ்துதாஸ் முதுகைத் திருப்பிக்கொண்டான். செல்வநாதன் சொன்னது ஞாபகம் இருந்ததால் சபாபதி மற்றவர்களுக்குக் கண்ஜாடை காட்டினான். அவன் இடத்தை விட்டு ஆடினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ரகுபதி அந்தப் பக்கம் வர வேண்டுமா!

"என்ன இது? ஆறு பேர் செய்யற வேலையை அஞ்சு பேர் செய்யறாங்க, ஒருத்தர் நிக்கறார்?"

"தானா வருவான் சார். கொஞ்சம் வுட்டுடுங்க."

"தானா வர்றதா? இந்தக் கம்பெனியில் ஒண்ணும் தானா வரக்கூடாது மிஸ்டர் சபாபதி. எல்லாம் என் மூலமாத்தான் வரணும்."

மறுநாள் கிறிஸ்துதாஸுக்கு மெமோ வந்தது. வேலை இடத்துக்கு முதுகு காட்டி நின்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கிறிஸ்துதாஸ் அதை மடித்து சபாபதி கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "விளக்கம் இன்னாண்ணா சொல்றது? உள்ள ஒரே சத்தமா கீது. அது அடங்கினாத்தான் பந்து கண்ணுக்குத் தெரியுது. திரும்பிக்கினா அடங்குது." சபாபதி இதைப் போய் ரகுபதியிடம் சொன்னான். உள்ளே சத்தம் கேட்பது ஷாப் சத்தமா, சொந்தச் சத்தமா என்று ரகுபதி கேட்டார். ஷாப் சத்தம் என்றால் நிர்வாகம் பொறுப்பு, சொந்தச் சத்தம் என்றால் தொழிலாளி பொறுப்பாம்.

இப்படியாக முகமலர்ச்சித் திட்டம் பிறந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு வைத்தார்கள்: 'முகம் மலர்ந்தால் உற்பத்தி மலரும்.' திட்டத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு ஃபேன். திட்டம் யாருக்காக வந்ததோ அவன் வேலை பார்த்த உலைப் பக்கத்தில் மட்டும் ஃபேன் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். கிறிஸ்துதாஸ் மாறிவிட்டானா, மாறவில்லை என்றால் ஏன், மாறினால் எந்தப் பக்கம் என்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே ஆராய்ந்தார்கள். கேப்டன் என்கிற முறையில் சபாபதியும் போக வேண்டும். அவனுக்கு உட்கார நாற்காலி உண்டு, பிஸ்கட் இல்லை.

இனிமேல் மூடு சரியில்லாமல் போவதென்றால் மூன்று நாளுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று முதல் கூட்டத்தில் முடிவானது. "முன்னாடியே எப்டி சார் தெரியும்?" என்று சபாபதி கேட்டுவிட்டான். "திட்டமிடாததுதானே இந்த நாட்டோட வியாதி" என்று ரகுபதி கண்ணாடியைத் துடைத்தார். கண் கலங்கிவிட்டது போலிருந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு ஸ்டாப் வாட்சோடு சீனிவாசன் வந்தார். மெஷின்காரன் பீடி பற்ற வைக்கிற நேரத்தைக்கூட அளந்து கூலியில் கழிக்க வழி சொல்லுகிறவர். மைதானத்து ஓரமாக நின்று கிறிஸ்துதாஸ் எழும்பி அடிப்பதையே அளந்துகொண்டிருந்தார். பிறகு குழுவுக்கு விளக்கினார்.

"பந்து வலைக்கு மேல போகணும், அவ்வளவுதான் தேவை. அதுக்கு ஒரு சாண் போதும். இவர் ஒரு முழம் மேல போறார். முழுக்க வேஸ்ட். இவர் ஒரு வருஷத்துல வீணா எழும்பற உயரத்தைச் சேர்த்துப் பார்த்தா செங்கல்பட்டு வரைக்கும் போகுது சார்."

"செங்கல்பட்டா!" என்று குழுவே திகைத்துப் போனது. கம்பெனி நேரத்தில் ஒருத்தன் செங்கல்பட்டு வரைக்கும் போய் வருவதை எந்த நிர்வாகம்தான் பொறுக்கும்? ஒரு சாணுக்கு மேல் எழும்பக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

மூன்றாவதாகச் சிரிப்பு. தினமும் காலையில் கார்டு பஞ்ச் செய்கிற இடத்தில் ஒரு கண்ணாடி மாட்டினார்கள். கிறிஸ்துதாஸ் அதற்கு எதிரில் நின்று சிரித்துக் காட்டிவிட்டு, டைம் ஆபீஸ்காரர் தலையாட்டின பிறகுதான் உள்ளே போகலாம். "பல் தெரியணும். மேல்வரிசை கட்டாயம். கீழ்வரிசை அவரவர் விருப்பம், அதில் நிர்வாகம் தலையிடாது" என்றார் ரகுபதி. பின்னால் வரிசையில் நின்ற ஷிப்ட் ஆட்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கள் சிரிப்புக்கும் வரிசை பார்க்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கிறிஸ்துதாஸ் முதல் வாரம் பல்லைக் கடித்தான். இரண்டாவது வாரம் வேலையை விட்டுப் போகிறேன் என்று சபாபதியிடம் சொன்னான். சபாபதி அவனை டீக்கடைக்குக் கூட்டிப் போய், "ஆறு மாசம்டா. ஓலை வாசிக்கற வரைக்கும். அப்பால எவனும் உன் பல்லப் பாக்க மாட்டான்" என்று கெஞ்சினான். கிறிஸ்துதாஸ் டம்ளரை வெறித்துக்கொண்டே இருந்தான். கிரேசியின் பெயரை எடுத்தால் அவனால் எதையும் தாங்கிக்கொள்ள முடியும் என்பது சபாபதிக்குத் தெரியும். அதனால்தான் எடுத்தான்.

அதற்கப்புறம் மாறினான் ஐயா, மாறினான்! குட்மார்னிங் சார் என்றான், எஸ் சார் என்றான், தேங்க்யூ சார் என்றான். யாருக்கும் முதுகு காட்டவில்லை. ரகுபதி எதிரில் பின்பக்கமாக நடந்தே வெளியே போனான். அறையில் ஒரு வரைபடம் மாட்டி, முகமலர்ச்சி எவ்வளவு சதவீதம் என்று சிவப்பு மையில் கோடு இழுத்தார்கள். கோடு மேலே மேலே ஏறியது. அம்பத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆபீசர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். கிறிஸ்துதாஸ் உலைப் பக்கத்திலிருந்து வந்து அவர்களுக்குச் சிரித்துக் காட்டிவிட்டுப் போனான். "போன மாசம் வரைக்கும் இவர் ஒரு காட்டுமிருகம்" என்று ரகுபதி அவனை வைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார். அதற்கும் சிரித்தான்.

ஒரே ஒரு சங்கதியை மட்டும் குழுவில் யாரும் பார்க்கவில்லை. அவனுக்கு அடி போய்விட்டது. சபாபதி தூக்கிக் கொடுத்த பந்து அவன் கையில் பட்டு, வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், மரியாதையாக அந்தப் பக்கம் போய் விழுந்தது. எதிர்ப்பக்கத்தான் அதை ஒரு கையால் எடுத்தான்.

"இன்னாடா ஆச்சு உனக்கு?"

"தெரியலண்ணா. சிரிக்கறதுலியே பாதி மூச்சு போய்டுது" என்றான் கிறிஸ்துதாஸ், சிரித்துக்கொண்டே.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கிரேசி கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் சபாபதியைக் கூப்பிட்டு விட்டான். பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிற பெண், கையில் இஞ்ச் டேப்பைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவரு ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வந்தாரு. அப்பா கன்னாபின்னான்னு ஏசினாரு. அதுக்கும் சிரிக்கிறாரு. எனக்குப் பயமா கீதுண்ணா. முன்னெல்லாம் கோவம் வந்தா எழுந்து கெணத்தாண்ட போய் நின்னுடுவாரு. நான் சாதம் வடிக்கறதுக்குள்ள தானா வந்துடுவாரு. இப்ப எங்கியும் போறதில்ல. எதிர்லியே ஒக்காந்துகினு சிரிக்கிறாரு."

"நாளிக்கு மேட்ச் முடிஞ்சா ஆர்டர் குடுத்துடுவாங்கம்மா."

"ஆர்டர் வந்தா போதும்ணா. அப்பால ஆயுசுக்கும் உம்முனு இருக்கட்டும். எனக்கு அதான் வேணும்."

சபாபதி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மைதானத்தில் பந்தல். மேடையில் எம்.டி.யும் சகலையும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் கோப்பை. கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் மேடை, அந்தப் பக்கம் புளியமரம். முதல் ஆட்டத்தில் பைப் கம்பெனி பாரிஜாதத்தைப் பிழிந்து காயப்போட்டது. இரண்டாவதில் அவர்கள் அசந்த நேரமாகப் பார்த்து பாரிஜாதம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் மறுபடியும் சறுக்கல். ஒவ்வொரு பந்து விழும்போதும் கிறிஸ்துதாஸ் மேடையைப் பார்த்து மேல்வரிசையைக் காட்டினான். "சபாஷ்! இதுதான் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்!" என்று ரகுபதி மைக்கில் கத்தினார். சகலை எம்.டி. பக்கமாகச் சாய்ந்து காதில் என்னவோ சொன்னார். எம்.டி.யின் முகம் சுருங்கிவிட்டது.

தோற்றால் ஆர்டர் கிடையாது என்பது சபாபதிக்கு உறைத்தது. இந்தச் சிரிப்போடு ஜெயிக்கவும் வழி கிடையாது. தம்பி மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று கூட்டி வந்து, அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பல்லைக் காட்ட வைத்துவிட்டோமே என்று ஆத்திரம் பொங்கியது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கிறிஸ்துதாஸ் பக்கத்தில் போனான்.

"திரும்பிக்கோடா."

"ண்ணா? மெமோ குடுப்பாங்கண்ணா."

"நான் பாத்துக்கறேன். திரும்பிக்கோ."

கிறிஸ்துதாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் புளியமரத்துப் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டான். அவனுடைய வியர்த்த முதுகு நேராக எம்.டி.க்குத் தெரிந்தது. பந்தலே கப்சிப். "மிஸ்டர் கிறிஸ்துதாஸ்! மேடை இந்தப் பக்கம்!" என்று ரகுபதி மைக்கிலேயே அலறினார். ஐந்து பேர் அவன் இடத்தை விட்டு ஓடி ஓடி ஆடினார்கள். பைப் கம்பெனிக்காரர்கள் ஜெயிக்க இன்னும் இரண்டே பாயிண்ட். சபாபதி கூப்பிடவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்த பெயரை விழுங்கினான்.

சர்வீஸ் கை மாறியது. டீம் ஒரு இடம் சுற்றி நகர்ந்ததும் கிறிஸ்துதாஸ் வலைக்கு முன்னால் வந்தான். அப்போது திரும்பினான். முகத்தில் சிரிப்பு இல்லை. அப்பாடா என்று சபாபதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பந்தை உயரத் தூக்கிக் கொடுத்தான். ஒரு சாணாவது, முழமாவது! செங்கல்பட்டையும் தாண்டிப் போகிறவன் மாதிரி எழும்பி அடித்தான். பந்து தரையில் பட்டுத் தெறித்துப் பந்தல் கூரையில் இடித்தது. அதற்கப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. கோப்பை பாரிஜாதத்துக்கு வந்தது. எம்.டி. அதைச் சகலை கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினார்.

திங்கட்கிழமை விசாரணை. கோப்பை வாங்கிக் கொடுத்ததற்கு மாலை போடுவார்கள் என்று சபாபதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தான். ரகுபதி, சீனிவாசன், பிஸ்கட் எல்லாம் தயாராக இருந்தன. கிறிஸ்துதாஸ் ஓரமாக நின்றான்.

"ஒரே கேள்விதான் மிஸ்டர் சபாபதி. இவர் மாறினாரா, மாறலையா?"

"சார், அவன் மேல தப்பு இல்ல. நான்தான் திரும்பிக்கச் சொன்னேன்."

ரகுபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்லித்தான் திரும்பினாரா? அப்போ மேலே இருக்கறவர் சொன்னதுக்குக் கீழ்ப்படிஞ்சிருக்கார். சீனிவாசன், இது முழு மாற்றம் இல்லையா?"

"நூத்துக்கு நூறு சார்."

"அப்போ பர்மனென்ட்..." என்று சபாபதி ஆரம்பித்தான்.

"பதறாதீங்க. இவரை எடுத்தது எதுக்கு? மாத்தறதுக்கு. மாத்தியாச்சு. வேலை முடிஞ்சப்புறம் ஆளை வெச்சுக்குவாங்களா? நீங்களே உலைக்காரர்தானே, பட்டை பதமானப்புறம் உள்ளேயே விட்டு வைப்பீங்களா?"

"அப்போ மாறலன்னு வெச்சுக்குங்க சார்!"

"தாராளமா. மாறலைன்னா எம்.டி.க்கு முதுகு காட்டினது நடத்தைக் குறைவு. சர்டிபிகேட்கூட இல்லாம இன்னைக்கே வெளியே போகணும். மாறிட்டார்னா பாராட்டு விழா உண்டு. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நிர்வாகம் யார் மேலேயும் எதையும் திணிக்காது."

சபாபதி கிறிஸ்துதாஸைப் பார்த்தான். அவனுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. புரிந்தும், கடைசியாக ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்று, மேல்வரிசை முழுக்கத் தெரியும்படி சிரித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மாறிட்டான் சார்" என்றான் சபாபதி.

பாராட்டு விழாவில் ரகுபதி முக்கால் மணி நேரம் பேசினார். "இந்தக் கம்பெனி வில்பட்டை மட்டும் செய்யலை, மனுஷனையும் செய்யுது. எவ்வளவு பாரம் வெச்சாலும் வளையும், உடையாது. இதோ எங்க சரக்கு!" என்று கிறிஸ்துதாஸின் தோளைத் தட்டினார். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றும் ஃபிரேம் போட்ட சர்டிபிகேட்டும் கொடுத்துக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். கோப்பையை எம்.டி.யும் மாமனார் வீட்டுக் கூடத்திலேயேதான் கொண்டுபோய் வைத்தார். நாற்காலிதான் இடம் மாறியது. அடுத்த பொங்கலிலிருந்து சகலை அதற்கு எதிரில் உட்கார்ந்தார்.

அடுத்த செப்டம்பரில் ரகுபதி சபாபதியைக் கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு ஆளைக் கொண்டு வாங்க. இதைவிட முரடனா இருந்தா நல்லது. போன வருஷம் நம்ம திட்டத்துக்கு எவ்வளவு நல்ல பேர்! இப்போ மாத்த ஆள் இல்லாம டிபார்ட்மெண்டே சும்மா கிடக்கு."

சபாபதி மறுபடியும் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனான். ஆள் தேடவா போனான்? அவனைப் பார்க்கத்தான் போனான். மைதானத்தில் அதே கூட்டம், அதே ஆட்டுக்கடா. கிறிஸ்துதாஸ் கோர்ட்டில் நின்றிருந்தான். அவனுடைய ஆட்கள் பழைய வழக்கப்படி அவன் இடத்தை விட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். தானாக வருவான் என்று காத்திருந்தார்கள். ஆனால் அவன் முதுகைத் திருப்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். பந்து வந்தால் ஒரு சாண் எழும்பி அந்தப் பக்கம் தள்ளினான். ஆட்டுக்கடாவை வெளியூர்க்காரன் ஓட்டிக்கொண்டு போனான்.

செல்வநாதன் நேராக சபாபதியிடம் வந்தான். போன தடவை மரியாதையாகப் பேசினவன்.

"யோவ், எங்க புள்ளைய இன்னாய்யா பண்ணீங்க? உங்க ரோட்ல கீற கம்பெனி கேட்டாண்டல்லாம் காலைல போய் நிக்கிறான். வர்ற போற சூப்பர்வைசருக்கெல்லாம் பல்லக் காட்றான். எவனாவது பர்மனென்ட் பண்ணுவானாம். கிரேசிக்குப் போன மாசம் ஓலை வாசிச்சாங்க. மாப்பிள்ள பேரு வேற. அன்னிக்கும் கோயில்ல முன்னால நின்னு சிரிச்சிக்கினு இருந்தான்யா. நாங்க வெளிய இஸ்துக்கினு வந்தோம்."

சபாபதி தலை குனிந்து நின்றான். கிறிஸ்துதாஸ் அவனைப் பார்த்துவிட்டு ஓட்டமாக வந்தான். வந்து, ஒரு கை தூரத்தில் விறைத்து நின்று, மேல்வரிசையைக் காட்டினான்.

"குட் ஈவ்னிங் சார்."

"டேய், நான்டா. அண்ணன்டா."

"எஸ் சார்."

சபாபதி எல்லாருக்கும் எதிரில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "சிரிக்காதடா! என் மூஞ்சில துப்புடா. இல்ல, திரும்பியாவது நில்லுடா. திரும்பிக்கோடா கிறிஸ்து!"

கிறிஸ்துதாஸ் சட்டென்று திரும்பினான். கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, நேராக நின்றான். சபாபதி கூப்பிடாமல் காத்திருந்தான். செல்வநாதனும் காத்திருந்தான்.

"எவ்ளோ நேரம் சார்?" என்றான் கிறிஸ்துதாஸ்.